ஒரு சாண் இடம்

பிப்ரவரி 9

கப்பல்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நடுக்கடலில் லைன் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் உங்கள் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் தங்கள் முறைக்காக நிற்பார்கள். சண்டை விஷயத்தை அவர்கள் காதில் விழும்படி பேச எனக்கு இஷ்டமில்லை. கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடுமாம்.

சண்டை யாரோடு என்று கேட்கமாட்டீர்கள். நம் பக்கத்துக் காலி மனையை வாங்கி வீடு கட்டி வந்தாரே, அந்த ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். போன லீவில் அவரைப் பார்த்துவிட்டு, "ஆள் சின்னது, பட்டென்று வெடிக்குது, இது கடுகுதான்" என்றீர்கள். அதை என் கடையில் வேலை செய்கிற காஜா அக்கா காதில் வாங்கிக்கொண்டாள். பட்டனுக்கு ஓட்டை போடுகிறவள் வாயில் எதுவும் தங்குமா? இப்போது தெரு முழுக்க அவருக்குக் கடுகு என்றுதான் பெயர்.

கடுகு போன வாரம் சுற்றுச்சுவர் கட்டினார். பழைய கம்பிவேலி இற்றுப்போய்க் கிடந்த இடத்தில் செங்கல் சுவர், என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரம். அது என் தையல் அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. இப்போது பாதி திறப்பதற்குள் சுவரில் இடிக்கிறது. அறை பகலிலேயே இருட்டு. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது ஊசி எங்கே இறங்குகிறது என்று தெரியவில்லை. கறுப்பை மட்டும் பகல் வெளிச்சத்தில் தையுங்கள் என்று கண் டாக்டர் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும்.

சும்மா புலம்பவில்லை. அளந்து பார்த்தேன். நம் மனை பத்திரப்படி நாற்பது அடி அகலம். அந்தக் கோடிச் சுவரிலிருந்து தொடங்கி என் அறுபது இன்ச்சு டேப்பை, அதாவது ஐந்தடி, எட்டு முறை வைத்தேன். நாற்பது வரவில்லை. ஏறக்குறைய ஒரு சாண் குறைகிறது. மறுபடி அளந்தேன், அதே குறை. காஜா அக்காவைப் பிடிக்கச் சொல்லி இன்னொரு முறை. அதே ஒரு சாண். அவர் நம் பக்கம் ஒரு சாண் ஏறிக் கட்டியிருக்கிறார்.

நேரில் போய் மரியாதையாகத்தான் சொன்னேன். "முப்பது வருஷம் லிஃப்ட்டுக்கு நூல் பிடிச்சவன்மா நான். ஒரு மயிரிழை சாஞ்சாலும் எனக்குத் தெரியும். நீங்க போய் பாவாடைக்கு அளவு எடுங்க" என்றார். அப்படியே சொன்னார்.

என்ன செய்யட்டும்? எழுதுங்கள்.

உங்கள் தையல்காரி


பிப்ரவரி 27

தையல்காரிக்கு,

கடிதம் வந்தது. படித்துச் சிரித்தேன், பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டேன். பாவாடை விஷயம் அதிகப்படிதான்.

ஆனால் கேள். நான் இங்கே ஒரு கட்டில் அகல அறையில் இன்னொரு சமையல்காரனோடு குடித்தனம் நடத்துகிறேன். அவன் பெட்டி தினமும் என் பக்கம் நகர்ந்து வருகிறது. முதல் மாதம் திருப்பித் தள்ளினேன். இப்போது அதன்மேல் கால் நீட்டித் தூங்குகிறேன். எல்லாம் ஒரு சாண் வயிற்றுக்காகத்தானே இத்தனை தூரம் வந்தேன், இன்னொரு சாண் நிலத்துக்காக நீ அங்கே ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்ளாதே.

ஜன்னல் கதவைக் கழற்றி உள்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டச் சொல். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்துக்கொள். நாளைக்கு ராத்திரி ஒன்று என்றால் ஓடி வருகிறவன் பக்கத்து வீட்டுக்காரன்தான், கப்பலில் இருக்கிற நான் இல்லை. விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போனதில்லை.

கண்ணைப் பார்த்துக்கொள். கறுப்புத் துணி வாங்காதே.

கப்பல்காரன்


மார்ச் 18

கப்பல்காரருக்கு,

விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போனதில்லை என்று சொல்கிறவர்கள் எல்லோரும் தூரத்தில் இருந்துதான் சொல்கிறார்கள். வருடத்தில் இரண்டு மாதம் நீங்கள் இருக்கிற வீடு இது. மீதி பத்து மாதம் நான் இருக்கிறேன். உங்கள் அண்ணன் பந்தல் சாமான்களைக் கொண்டுவந்து நம் முற்றத்தில் அடுக்கியபோதும் விட்டுக்கொடு என்றீர்கள். மூன்று வருடம் கழித்து அவற்றை எடுத்துப் போனபோது நம் ஏணியையும் சேர்த்துத்தான் எடுத்துப் போனார். உங்களுக்கு விட்டுக்கொடுப்பது குணம். எனக்கு அது நஷ்டம்.

சரி, இங்கே நடந்ததைக் கேளுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு, சண்டை வேண்டாம் என்று ஜன்னல் கதவைக் கழற்றினேன். ஆசாரி வேலை செய்துகொண்டிருக்கும்போதே கடுகு ஸ்டூல் போட்டு ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஜன்னல் வழியா என் வீட்டை வேடிக்கை பார்க்கத்தான் இவ்வளவும்" என்றார். மறுநாள் சுவர்மேல் தகரம் அடித்துவிட்டார். கிடைத்துவந்த கொஞ்ச வெளிச்சமும் போயிற்று. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பது இதுதான்.

அதோடு நிற்கவில்லை. தையல் மெஷின் சத்தத்தால் தூக்கம் போகிறது என்று நகராட்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அதிகாரி வந்து மூன்று மெஷின்களையும் ஓட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். "இதுவா சத்தம்?" என்று அவரே கேட்டார். ஆனாலும் நோட்டீஸ் என்று ஒன்று வரும் என்கிறார். செடி கழித்த குப்பை தினமும் நம் பக்கம் விழுகிறது. நேற்று அதை அள்ளி அவர் வாசலிலேயே கொட்டினேன். ஆம், நான்தான் கொட்டினேன். காஜா அக்கா கைதட்டினாள். எனக்கு அப்புறம் வெட்கமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துத்தான்.

சர்வேயர் வந்து அளக்க மனு கொடுத்திருக்கிறேன். வருடக் கடைசி ஆகும் என்கிறார்கள். அதுவரை இந்தக் குகையில் உட்கார்ந்து தைத்தால் என் கண் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். தைக்க முடியாவிட்டால் நான் யார்? சொல்லுங்கள். நீங்கள் கப்பலுக்குப் போயிருக்கும்போது வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆளா?

கோபத்தில் எழுதுகிறேன். கிழிக்கப் போவதில்லை.

தையல்காரி


ஏப்ரல் 5

தையல்காரிக்கு,

தகரம் அடித்தானா? அவன் கண்ணுக்கு என் பெண்டாட்டி வேடிக்கை பார்க்கிறவளா? அந்த வரியைப் படித்தபோது அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. இரண்டாம் எஞ்சினியர் வந்து அடுப்பை அணைத்தார்.

ஏணியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். நீ சொன்னது சுட்டது. சுட்டாலும் உண்மை.

இனி விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்த அறை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஒப்பந்தம் முடிந்து வரும்போதும் ஒரு சுவர் எழுப்பினோம். உன் கண்ணுக்கென்றே கிழக்குப் பார்த்து அந்த ஜன்னலை வைத்தேன். சர்வேயருக்காகக் காத்திருக்காதே. குடியிருப்போர் சங்கத்தில் சொல். மருந்துக்கடைக்காரர்தானே இப்போதும் தலைவர்? அவர் சட்டை, அவர் மகன் கல்யாணச் சட்டை எல்லாம் நீ தைத்தது. எல்லோரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் அளந்து காட்டு. உன் அளவை அந்தத் தெருவில் யார் சந்தேகப்படுவார்கள்? உன் கத்தரி பட்ட துணி திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

தைரியமாக இரு. கோழை என்று என்னை நீ எழுதவில்லை, ஆனால் நான் அப்படித்தான் படித்தேன்.

கப்பல்காரன்


ஏப்ரல் 29

கப்பல்காரருக்கு,

ஜெயித்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே திரண்டு நம் முற்றத்துக்கு வந்தது. மருந்துக்கடைக்காரர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டார். நான் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, எல்லோரும் பார்க்க எட்டு முறை வைத்தேன். ஒவ்வொரு முறைக்கும் காஜா அக்கா சாக்பீஸில் கோடு போட்டாள். பின்வரிசைக்குக் கேட்கும்படி சத்தமாக எண்ணினாள். கடைசியில் அதே ஒரு சாண் குறைந்தது.

கடுகு தன் இரும்பு டேப்பைக் கொண்டுவந்தார். "இதுல அளங்க, இதுல அளங்க" என்று கத்தினார். அதன் நுனி முறிந்து போயிருந்தது. முதல் மூன்று இன்ச்சே இல்லை. முறிஞ்ச இடத்துலேருந்து கழிச்சுக்கணும் என்று அவர் விளக்குவதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "அய்யா, இருபது வருஷமா இந்தம்மா எடுத்த அளவுலதான் நாங்க எல்லாரும் உடுத்திக்கிட்டு இருக்கோம். ஒருத்தருக்காவது பிடிக்காம போச்சா? உங்க மொட்டை டேப்பை நம்பவா, இதை நம்பவா?" சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. நானும் சிரித்தேன். ஜன்னலுக்கு எதிரே இருக்கிற பகுதியை மட்டுமாவது ஒரு சாண் தள்ளிக் கட்டச் சொன்னார்கள்.

அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு, "இந்தத் தெருவுல என் பேச்சுக்கு மதிப்பு இல்லைன்னா எனக்குச் சுவரே வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார். யார் தடுத்தும் கேட்கவில்லை. அவரே இடித்தார். சாயங்காலம் வரை சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெரிய சத்தம், அதற்கு மேல் எதுவும் இல்லை.

சுவரின் மேல்பகுதி அவர் காலில் விழுந்துவிட்டது. எதிர்வீட்டுப் பையன்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதத்தில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறதாம். தனியாள். பார்க்க யாரும் வரவில்லை. "கெடுவான் கேடு நினைப்பான்" என்றாள் காஜா அக்கா.

வெளிச்சம் வந்துவிட்டது. இன்று காலை கறுப்புக் கோட்டு ஒன்று தைத்தேன். ஊசி நன்றாகத் தெரிந்தது.

தையல்காரி


மே 14

போரில் ஜெயித்த ராணி அவர்களுக்கு,

உன் கடிதத்தைச் சமையல்கட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மொட்டை டேப் இடத்தில் கேப்டனே சிரித்துவிட்டார். இப்போது இங்கே உனக்கு நில அளவைத் துறை என்று பெயர்.

கால் முறிந்தது பாவம்தான். ஆனால் கடப்பாரையை அவன் கையில் நீ கொடுக்கவில்லை. தன் வினை தன்னைச் சுடும். அதை மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதே. உன்னை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

கப்பல்காரன்


ஜூன் 2

கப்பல்காரருக்கு,

இதை யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். உங்களுக்கு மட்டும்.

புதிதாகக் கட்டிய கூட்ட அரங்கத்துக்குத் திரைச்சீலை தைக்கிற வேலை வந்தது. நான் போய் அளக்கவில்லை. அவர்களே அளவைச் சொன்னார்கள், நான் வெட்டித் தைத்துக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்துவிட்டு மேனேஜர் கூப்பிட்டார். எல்லாத் திரையும் தரையில் புரளுகிறது என்றார். நான் போனேன். இரண்டு விரல் புரளுகிறது. ஒன்றிரண்டு இல்லை, எல்லாமே, ஒரே மாதிரி.

"உங்க ஆளுங்க தப்பா அளந்திருக்காங்க" என்று சண்டை போட்டேன். என் அளவு தப்பாது என்று அந்த அரங்கம் எதிரொலிக்கக் கத்தினேன். மேனேஜர் அங்கே வேலை செய்த ஆசாரியிடமிருந்து இரும்பு டேப்பை வாங்கி என் கையில் கொடுத்தார். நான் ஏணியில் ஏறி அளந்தேன். அவர்கள் சொன்ன அளவு சரி. திரைதான் நீளம். ஏணியில் நின்றபடியே என் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து அந்த இரும்பு டேப்பின்மேல் வைத்துப் பார்த்தேன். என்னுடைய அறுபது, அதன் அறுபத்தொன்றில் போய் நின்றது.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

உங்களுக்குப் புரிகிறதா? கடை தொடங்கிய நாளிலிருந்து ஒரே டேப். கத்தரியையும் டேப்பையும் நான் யார் கையிலும் கொடுக்கமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். துணி டேப் இது. தினமும் இழுத்து இழுத்து, வேர்வையில் ஊறி, நீண்டுபோயிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? ஆளையும் அதே டேப்பில் அளக்கிறேன், துணியையும் அதே டேப்பில் வெட்டுகிறேன். இரண்டு பக்கமும் ஒரே தப்பு. அதனால் ஒரு சட்டைகூடத் தப்பவில்லை. அடுத்தவர் சொன்ன அளவுக்கு வெட்டிய முதல் துணி இந்தத் திரைதான். அப்படிப் பார்த்தால் அடுத்தவர் எழுதிய அளவோடு நான் ஒப்பிட்ட முதல் பொருள் நம் மனை.

எட்டு முறை வைத்தேன். ஒவ்வொரு முறையும் ஓர் இன்ச்சு. சேர்த்தால் ஒரு சாண்.

வீட்டுக்கு வந்து புது இரும்பு டேப் வாங்கி, காஜா அக்கா போன பிறகு தனியாக மனையை அளந்தேன். இடித்த சுவரின் அடித்தளம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதுவரைக்கும் நாற்பது அடி. ஒரு விரல்கூடக் குறையவில்லை. அவர் தம் எல்லையிலேதான் கட்டியிருக்கிறார். மயிரிழை சாயாது என்றார், சாயவில்லை.

அவர் கட்டுக்காலோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் பால் வாங்கப் போகும்போது எதிரே பார்க்கவேண்டியிருக்கிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்குத் திருப்பிக்கொள்ளக்கூட முடியவில்லை.

சொல்லுங்கள். இந்த முறை நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்.

தையல்காரி


ஜூன் 20

தையல்காரிக்கு,

கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் கேள். யாரிடமும் எதையும் சொல்லாதே.

நான் கெட்டவன் இல்லை. யோசித்துத்தான் சொல்கிறேன். நீ திட்டம் போட்டு ஏமாற்றவில்லை. உனக்கே தெரியாது. தெரியாமல் செய்த தப்பைத் தெருவுக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் பார். கடுகு கேஸ் போடுவான். கால் முறிந்ததற்கும் சேர்த்துப் போடுவான். அன்றைக்குச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் வெட்கத்தை உன் தலையில் கட்டுவார்கள். நாளைக்கு எவளுக்காவது ரவிக்கை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால், "அவ டேப்பே கோணல்" என்பாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உன் அளவுதான் உன் சோறு. அதில் நீயே மண்ணைப் போட்டுக்கொள்ளாதே.

அந்தப் பழைய டேப்பை அடுப்பில் போடு. சர்வேயர் மனுவை வாபஸ் வாங்கு. சமாதானம் ஆகிவிட்டது, அளக்கவேண்டாம் என்று எழுதிக் கொடு. அதோடு முடிந்தது. அவன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேறு வழியாக உதவலாம், நான் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விட்டுக்கொடு என்றபோது தூரத்தில் இருந்து பேசுகிறேன் என்றாய். சண்டை போடு என்றபோது ராணியாக இருந்தாய். இப்போது நான் சும்மா இரு என்கிறேன். நீ உன் கண்ணை நினைத்துக்கொள். அந்தச் சுவர் மறுபடி எழும்பினால் இரண்டு வருடத்தில் உனக்கு ஊசி கோக்க ஆள் வைக்கவேண்டியிருக்கும். அதைப் பார்க்க என்னால் முடியாது. பத்து மாதக் கடலை உன் கண்ணை நினைத்துத்தான் நான் ஓட்டுகிறேன்.

இது ஒன்றாவது எனக்காகச் செய்.

கப்பல்காரன்


ஜூலை 11

என் அன்புள்ள கப்பல்காரருக்கு,

சுவர் மறுபடி எழும்புகிறது. கொத்தனாரை நான்தான் அழைத்துவந்தேன். செங்கல்லும் என் செலவு. பழைய அடித்தளத்தின் மேலேயே கட்டுகிறார்கள், இன்றைக்கு ஜன்னலின் பாதி வரை வந்துவிட்டது. மெஷின்களை முன்கூடத்துக்கு மாற்றிவிட்டேன். அங்கே வாசல் கதவைத் திறந்து வைத்தால் வெளிச்சம் போதும். நீங்கள் லீவில் வந்தால் கட்டில் போட இடம் இருக்காது. கப்பலில் பெட்டிமேல் கால் நீட்டிப் படுக்கிற உங்களுக்கு அது ஒரு கஷ்டமா?

நீங்கள் சொன்னதைக் கேட்காமல் இல்லை. கேட்டு நடந்து பார்த்தேன். மனுவை வாபஸ் வாங்க நகராட்சி வரைக்கும் போனேன். "சமாதானம் ஆயிடுச்சா? நல்லது. இந்தக் காலத்துல யாரும்மா இப்படி விட்டுக்கொடுத்துப் போறாங்க" என்று அந்தக் குமாஸ்தா என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை என்னால் தாங்க முடியவில்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போனேன்.

கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஊன்றுகோல் இருக்கிறது. கதவைப் பாதிதான் திறந்தார். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். திரைச்சீலை, இரும்பு டேப், எட்டு இன்ச்சு, எல்லாம். வெடிப்பார் என்று எதிர்பார்த்தேன், வெடிக்கவே இல்லை. "எங்கிட்ட வந்து எதுக்கும்மா சொல்றீங்க? இது எனக்குத் தெரியாததா? எங்க வெச்சு என்னைப் பாத்துச் சிரிச்சீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க" என்றார். கதவை மூடிவிட்டார். நியாயம்தானே?

சங்கத்து அறையில் கூட்டம் கூட்டச் சொன்னேன். மருந்துக்கடைக்காரர், காஜா அக்கா, எல்லோரும் வந்தார்கள். சொன்னேன். இரண்டு டேப்பையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். ஒன்று விடாமல் முழுதாகச் சொன்னேன். நீங்கள் பயந்த மாதிரி திட்டுவார்கள், கடையை மூடச் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் நம்பவில்லை.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. மருந்துக்கடைக்காரர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். "அம்மா, உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா? அவர் கால் உடைஞ்சதுலேருந்து நீங்க சரியாவே சாப்பிடலைன்னு கேள்விப்பட்டேன். இரக்கப்பட்டு ஒரு கதை சொல்றீங்க. அது உங்க பெருந்தன்மை" என்றார். இந்த டேப்தான் அந்த டேப் என்று என்ன நிச்சயம், பழைய டேப் எந்தக் குப்பையிலும் கிடைக்கும் என்றார் எதிர்வீட்டுக்காரர். எங்கள் சட்டை எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றார்கள். அது ஏன் சரியாக இருக்கிறது என்று விளக்கினேன். தலையை ஆட்டினார்கள், கேட்கவில்லை. காஜா அக்காகூட என் கையைப் பிடித்து, "போதும் வா, ரொம்ப நல்லவளா இருக்காதே" என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது. நம்பினால் அன்றைக்கு முற்றத்தில் சிரித்தது தப்பு என்று ஆகிவிடும். அதற்கு யாருக்கும் மனம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பொய் சொன்னாலாவது நம்பியிருப்பார்கள், உண்மையைச் சொல்லிவிட்டு என்ன செய்வது? "நான் சொல்றது நிஜம், நிஜம்" என்று கத்தினேன். யாரோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. எப்போது வந்தாரோ, வாசல் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவரும் நாற்காலி போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அந்தம்மா பொய் சொல்லாது" என்றார்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"வந்த நாளிலேருந்து அதோட சண்டை போடுறேன். குப்பையை என் வாசல்ல கொட்டினப்போகூட, 'ஆமா, நான்தான் கொட்டினேன்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சு. அன்னைக்கு அளந்தது தப்பு. பொய் இல்ல. இன்னைக்குச் சொல்றதும் பொய் இல்ல. உங்களுக்கெல்லாம் சட்டை தைக்குது, அது எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியலையா உங்களுக்கு?"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். என்னைப் பார்க்கவில்லை. மன்னித்துவிட்டார் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்று காலைகூடக் கொத்தனாரிடம் கலவை சரியில்லை என்று என் காதுபடக் கத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் பேச்சை மீறியதற்கு நீங்கள் கோபித்தால் கோபியுங்கள், ஆனால் பதில் எழுதாமல் இருக்காதீர்கள்.

இந்தத் தெருவில் நான் துணி தைத்துக் கொடுக்காத வீடு இல்லை. அத்தனை பேர் இருந்த அந்த அறையில் என்னை நம்பிய ஒரே ஆள், என்னிடம் ஒரு சட்டைகூடத் தைத்துக்கொள்ளாத அந்த மனிதர்தான்.

உங்கள் தையல்காரி